மே மாதத்துப் படத்தில் இல்லாத கண்மாய்

(பொது நிலங்களைத் திட்டமிடுவதில் புவிசார் தரவுகளின் பயன் குறித்து, நில அளவை பயிலும் மாணவர்களும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு பெரிய அச்சுப்படம். செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் ஏற்றி, நிலத்தை வகை பிரித்து, வகைக்கு ஒரு நிறம் கொடுத்து நாங்கள் தயாரித்தது. நீருக்கு நீலம், பயிருக்குப் பச்சை, வீடுகளுக்குச் சிவப்பு, தரிசுக்குப் பழுப்பு. அந்த வட்டாரத்தில் அரசு நிலம் எங்கெல்லாம் பயன்படாமல் கிடக்கிறது என்று கண்டு சொல்வது எங்கள் வேலை. அந்தப் பக்கமாக ஆடுகளை ஓட்டிவந்த கீதாரி ஒருவர், எழுபது வயது இருக்கும், படத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“இதுல எங்க கம்மாய் எங்கப்பா இருக்கு?”

விரலை வைத்துக் காட்டினேன். “இதுதாங்கய்யா.”

“செவலையா இருக்கே?”

“தரிசுன்னு அர்த்தங்கய்யா.”

என்னை ஒரு கணம் பார்த்தார். “என்னைக்கு எடுத்த படம்?”

“மே மாசம்.”

“வைகாசியில எந்தக் கம்மாயில தண்ணி கெடக்கும்? கார்த்திகையில எடுத்துப் பாரு தம்பி. தண்ணி வத்துனா எங்க ஆடு மேயுறது இதுக்குள்ளதான். இந்த எடம் ஒரு நாளும் சும்மா கெடந்ததில்ல.”

கோபமே இல்லாமல்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தில் பழுப்பு நிறத்தை இட்டவன் நான். கணக்கில் பிழை இல்லை. படம் எடுத்த நாளில் அங்கே நீர் இல்லை, பயிர் இல்லை, காய்ந்த மண்ணும் சீமைக் கருவேலமும்தான் இருந்தன. கணினி பார்த்ததைச் சொன்னது. அந்த நிலம் எதற்காக இருக்கிறது என்று கணினியிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குத் தெரிந்திருக்காது. அந்த விடை வேறு இரண்டு இடங்களில் இருந்தது: ஊரின் நிலங்களை எண்வாரியாக விவரிக்கும், தாலுகா அலுவலகத்தில் இருந்த அ-பதிவேட்டிலும், அந்தப் பெரியவரின் நினைவிலும். இரண்டிடமும் போகாமல் நான் வண்ணம் தீட்டிவிட்டேன். இன்று உங்களிடம் பேச வந்திருப்பது அந்தத் தவற்றைப் பற்றித்தான்.

நம் ஊரில் பொது நிலத்துக்குப் பெயர் புறம்போக்கு. இந்தச் சொல்லை இன்று ஏச்சாகப் பயன்படுத்துகிறோம். உதவாக்கரை என்பதுபோல. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ இந்தச் சொல்லின் பழைய மதிப்பை மீட்க முயன்றது. பலருக்கும் அப்போதுதான் அதன் பொருள் உறைத்தது. வரி விதிக்கும் நிலத்துக்குப் புறமாக ஒதுக்கி வைக்கப்பட்ட நிலம், அவ்வளவுதான். ஒதுக்கி வைத்தது அது பயனற்றது என்பதால் அல்ல. எல்லோருக்கும் பயன்படுவது என்பதால், ஒருவர் பெயரில் எழுதி வரி வாங்க முடியாது என்பதால்.

இந்த ஒழுங்கு நமக்கு வெள்ளையர் கொடுத்தது என்று நினைப்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். கோயிலுக்கு வருவாய் தரும்படி விடப்பட்ட ஊர்களின் கணக்கு அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. முதலில் ஊரின் மொத்த நிலம் சொல்லப்படும். பிறகு அதிலிருந்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு எல்லாம் கழிக்கப்படும். மிச்சத்துக்குத்தான் வரி. வேலியை மாவாகவும் காணியாகவும் முந்திரியாகவும் அதற்கும் கீழேயும் பகுத்து அளந்த அந்தக் கணக்கர்கள், கழித்த நிலத்தையும் அதே நுணுக்கத்தோடு அளந்திருக்கிறார்கள். குளம் எவ்வளவு, வாய்க்கால் எவ்வளவு என்று தெரியாமல் கழிக்க முடியாது அல்லவா? பொது நிலத்தின் கணக்கெடுப்பு என்று நாம் இன்று சொல்வதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள்.

பின்னால் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் சென்னையைச் சுற்றி ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். 1794இல் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் என்ற அளவையாளர் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் பின்னிய பெரும் அளவை அங்கிருந்து புறப்பட்டது. 1808இல் கோணம் அளக்கும் அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி உடைந்தது. பழைய கணக்கு வெட்டப்பட்ட அதே கோயிலில் புதிய அளவை முட்டி நின்ற அந்தக் காட்சி என் மனதில் அடிக்கடி வரும்.

உழவரிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலும் சங்கிலி போட்டு அளக்கப்பட்டது. சங்கிலி 66 அடி, 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம், எல்லாப் புலங்களையும் சேர்த்து ஒரு கிராம வரைபடம், எல்லாவற்றையும் விவரிக்கும் அ-பதிவேடு. இந்த அ-பதிவேட்டை மாணவர்கள் யாராவது ஓர் ஊருக்கு முழுமையாகப் படித்திருக்கிறீர்களா? படியுங்கள். பட்டாதாரர் பெயர் வர வேண்டிய இடத்தில் சில வரிகளில் பெயர் இருக்காது. குறிப்புக் கலத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும். ஓடை. வண்டிப்பாதை. மேய்க்கால். களம். மந்தை. சுடுகாடு. தோப்பு. வரத்து வாய்க்கால். ஊர் வாழ்வதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒருவர் பட்டியல் போட்டால் இந்தச் சொற்கள்தான் வரும். 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களைக் காக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டபோது, புறம்போக்கு, மந்தைவெளி, களம் என்ற நம் சொற்களை அப்படியே தீர்ப்பில் எடுத்தாண்டது.

இனி வேலைக்கு வருவோம். புவிசார் தரவைக் கொண்டு பொது நிலத்தைத் திட்டமிடுவது என்றால் என்ன? ஓர் ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், பேருந்து நிலையம் வேண்டும், குப்பை கொட்ட இடம் வேண்டும். தனியார் நிலத்தை எடுத்தால் இழப்பீடு தர வேண்டும், வழக்கு வரும். எனவே அதிகாரியின் கண் முதலில் புறம்போக்கின் மேல் விழுகிறது. சென்னையில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 1920களில் நீண்ட ஏரியை வடித்துத் தியாகராய நகர் உருவானது. மந்தைவெளியில் இன்று மந்தை இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் அந்தக் காலத்தில் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் எல்லா முடிவுகளையும் ஒரே படத்தில் சேர்த்துப் பார்க்கும் வசதி அப்போது யாருக்கும் இல்லை. ஓர் ஏரியை எடுத்தால் அதற்குக் கீழே இருக்கும் ஏரிக்கு நீர் எப்படிப் போகும் என்று கேட்க, இரண்டு ஏரிகளும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். புவிசார் தரவு தருவது அந்த மேசையைத்தான்.

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மை அமைப்பு சுமார் 24.5 கோடி ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறது. அந்த நிலங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தில் என்னென்ன இருக்கின்றன என்ற கணக்கெடுப்பைத் தொடர்ந்து நடத்திப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. மேய்ச்சலும் சுரங்கமும் காட்டுயிரும் ஒரே நிலத்தில் போட்டியிடும் இடத்தில் இந்தக் கணக்கெடுப்பு திட்டமிடலின் அடிப்படையாக நிற்கிறது. நம்மிடமும் அப்படி ஒரு சட்டம் உண்டு. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், ஆக்கிரமிப்பை அகற்றும் முன் ஏரியை அளந்து எல்லையை வரையறுத்துப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும் பலரும் அகற்றுதல் என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். அளத்தல் என்ற பகுதி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. மேலும் அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் கையில் இருந்த ஏரிகளுக்கானது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிறிய ஏரிகளும் ஊருணிகளும் குட்டைகளும் ஊராட்சிகளின் பொறுப்பில் இருக்கின்றன. எண்ணிக்கையில் அவைதான் அதிகம், கவனம் குறைவதும் அங்கேதான்.

சரி, அளப்பது எப்படி? இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வேலையின் உண்மையான சிரமம் இங்கேதான் இருக்கிறது.

நம் புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு எவ்வளவு தூரம் என்றுதான் இருக்கும். செயற்கைக்கோள் படத்திலோ ஒவ்வொரு புள்ளிக்கும் பூமியில் ஓர் இடம் உண்டு. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்த வேண்டுமானால், புலப்படத்தில் உள்ள கற்களில் சிலவற்றைத் தரையில் தேடிக் கண்டுபிடித்து, அங்கே செயற்கைக்கோள் கருவியை வைத்து இடம் குறிக்க வேண்டும். மூன்று ஊர்களின் எல்லை கூடும் இடத்துக் கல் கிடைத்தால் பெரும் அதிர்ஷ்டம். கல் இல்லாவிட்டால் பழைய கிணறு, கோயில் மூலை, ஏரியின் மதகு என்று அசையாதவற்றைத் தேட வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்தபடி வரைபடத்தை இழுத்து நீட்டிப் பொருத்தினால் திரையில் அழகாகத் தெரியும். தரையில் எல்லை சில மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பழைய நிலவரைபடங்களில் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் கணக்கு பயன்பட்டது. இன்றைய ஜி.பி.எஸ். வேறு கணக்கில் இயங்குகிறது. இரண்டையும் மாற்றிக்கொள்ளாமல் போட்டால் நம் பகுதியில் ஓர் இடம் நூறு மீட்டருக்கு மேல்கூட விலகும். நூறு மீட்டர் என்பது கரையின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு. ஒரு குடும்பத்தின் வீடு ஏரிக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அது தீர்மானிக்கும். மாணவர்கள் இதை நினைவில் வையுங்கள். பொருத்தியதில் எவ்வளவு பிழை என்று எழுதாத வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதிவேட்டிலும் பிழை உண்டு. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்பட்ட தவறுகளைத் திருத்தக் கேட்டு இன்றும் மக்கள் மனுவோடு அலைகிறார்கள். எனவே இன்றைய பதிவை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவையும் எடுத்து வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டு பதிவுகளிலும் வகைப்பாடு மாறியிருக்கும் சர்வே எண்களை மட்டும் தனியே ஓர் அடுக்காகப் போட்டுப் பாருங்கள். எந்த ஆணையால் மாறியது, யார் கேட்டு மாறியது என்று தேட வேண்டிய இடங்கள் தாமாக எழுந்து நிற்கும்.

அடுத்தது வாய்க்கால். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் பொது நிலத்தில் மிக ஆபத்தில் இருப்பது ஏரி அல்ல, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்தான். ஏரி பெரியது, காணாமல் போனால் ஊர் கேட்கும். வாய்க்கால் மூன்று நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு கோடு. ஒரு பக்கத்து வயல்காரர் ஒரு வரப்பு வெட்டுவார், மறுபக்கத்துக்காரர் ஒரு வரப்பு வெட்டுவார். பத்தாண்டில் அது ஓர் ஆள் தாண்டும் பள்ளமாகிவிடும். இப்போது நம்முடைய செயற்கைக்கோளைப் பாருங்கள். நெடுநாள் நாம் நம்பியிருந்த இந்தியத் தொலையுணர்வுப் படங்களில் ஒரு புள்ளி 23.5 மீட்டர். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பிய சென்டினல் படத்தில் 10 மீட்டர். மூன்று மீட்டர் வாய்க்கால் இவற்றில் தெரியவே தெரியாது. ஏரி நீல நிறத்தில் பத்திரமாக இருக்கும், அதற்கு நீர் வரும் வழி படத்தில் இருக்காது. படத்தை மட்டும் பார்த்தவர் “ஏரி இருக்கிறதே” என்பார். வாய்க்கால் இருப்பது புலப்படத்தில். ஒவ்வொரு சர்வே எண்ணின் ஓரத்திலும் இரட்டைக் கோடாக, அகலம் குறிக்கப்பட்டு, தனி உட்பிரிவாக. அந்தக் கோடுகளை எல்லாம் கணினியில் இணைத்து, ஓர் ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரியின் நீர்முனை வரை தொடர்ச்சியாக வரைந்து, பிறகு ட்ரோன் பறக்கவிட்டு எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொது நிலத் திட்டமிடலுக்கு முதலில் செய்ய வேண்டிய ஒரே வேலையைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

உயரமும் அப்படியே. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த உயரத் தரவு உலக நிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மலைப்பகுதிக்கு அருமையானது. ஆனால் அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். சென்னைக்குத் தெற்கே உள்ள சமவெளியில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சில அங்குலங்கள் தீர்மானிக்கின்றன. கலங்கலின் மட்டம் அரை அடி உயர்ந்தால் நீர் பரவும் பரப்பு எங்கோ போய்விடும். இலவசத் தரவைப் போட்டு வெள்ள வரைபடம் தயாரித்துக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நம்பி வீடு கட்ட அனுமதி கொடுக்கப்படும் என்ற எண்ணமே எனக்கு அச்சம் தருகிறது. இத்தகைய இடங்களுக்கு லேசர் அளவை வேண்டும், அல்லது பழையபடி லெவல் கருவியும் அளவுகோலுமாக ஆள் நடக்க வேண்டும்.

இனி பருவம், கீதாரி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். நம் ஏரிகளில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழையில் நிறைகின்றன. ஐப்பசி, கார்த்திகை. அந்த மாதங்களில்தான் வானம் மேகத்தால் மூடிக்கிடக்கும். எனவே ஒளியால் எடுக்கும் படத்தில் மழைக்கால ஏரி கிடைப்பது அரிது. மேகமில்லாத தெளிவான படம் தேடினால் பங்குனியிலிருந்து வைகாசிக்குள் கிடைக்கும், அப்போது ஏரி வறண்டிருக்கும். தெளிவான படத்தை விரும்பும் நம் பழக்கமே ஏரிகளைத் தரிசாக்கிவிடுகிறது. இதற்கு வழி உண்டு. 2014 முதல் பறக்கும் சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். நிற்கும் நீர் அதில் கருப்பாகத் தெரியும். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் சேமிக்கப்பட்டு, 2008இலிருந்து யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நாற்பது ஆண்டுகளில் எந்தெந்த மாதம் ஓரிடத்தில் நீர் நின்றது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் எண்ணிப் பார்க்கலாம். ஏரியின் எல்லையை ஒரு நாளின் படத்தில் தேடாமல், நல்ல மழை பெய்த ஆண்டுகளின் நீர்ப்பரப்பை எல்லாம் ஒன்றாக அடுக்கி வெளிவிளிம்பை எடுங்கள். அது புலப்படத்தின் எல்லையோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்று பார்த்தால், சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்தக் காலத்து அளவையாளர்கள் மீது மரியாதை பெருகும்.

சீமைக் கருவேலம் செய்யும் குழப்பம் தனி. வைகாசியிலும் அது பச்சையாக இருக்கும். பச்சையை அளக்கும் கணக்கில் அது நல்ல தாவரமாக வரும். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால், அது யார் நிலமானாலும் எந்த மரமானாலும் வனப்பரப்பில் சேரும். கண்மாய்க்குள் மண்டிய கருவேலம் ஒரு கணக்கில் காடு, தரிசு நில வரைபடத்தில் புதர்த் தரிசு, அ-பதிவேட்டில் கண்மாய். மூன்றும் அரசு ஆவணங்கள். எதை நம்பித் திட்டமிடுவது? நான் அ-பதிவேட்டை முதலில் வைப்பேன். அது பழையது என்பதற்காக அல்ல. அது ஒன்றுதான் அந்த நிலம் எதற்காக என்று சொல்கிறது. மற்ற இரண்டும் அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன.

பள்ளிக்கரணையைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிக்க முடியாது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீரெல்லாம் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டுப் பக்கம் கடலில் கலக்கும் சதுப்பு அது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ‘கழிவெளி’ என்று பழைய ஆவணங்கள் அதைக் குறித்தன. நீரும் நிலமும் மாறி மாறி வரும் இடத்தை எந்தக் கலத்தில் எழுதுவது என்று வருவாய்க் கணக்கு தடுமாறியது. பயிர் செய்ய முடியாதது, வரி தராதது. எனவே பாழ்நிலம் என்றே பார்க்கப்பட்டது. பாழ் என்று பெயர் வைத்த இடத்தில் குப்பை கொட்டப் பெரிய யோசனை தேவைப்படாது. பெருங்குடிக் குப்பைமேடு வந்தது. சாலைகள் சதுப்பைக் குறுக்காக வெட்டின. கல்வி நிறுவனங்களும் அலுவலகங்களும் ஒவ்வொன்றாக வந்தன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247.54 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமானது.

காப்புக்காட்டின் எல்லையும் ராம்சார் எல்லையும் ஒன்றல்ல என்பதைப் பாருங்கள். சர்வதேச அளவில் ஈரநிலம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை ஒன்று, வனத்துறைச் சட்டம் காக்கும் எல்லை இன்னொன்று. இடைப்பட்ட நிலத்தில் எந்தெந்த சர்வே எண்கள், உட்பிரிவுகள் வருகின்றன, அவற்றில் எது பட்டா, எது புறம்போக்கு என்று புலவாரியாகத் தெரியாவிட்டால், கட்டட அனுமதி கேட்டு வரும் ஒரு கோப்பை எந்த அலுவலரும் சரியாகப் பரிசீலிக்க முடியாது. ஹெக்டேரில் சொல்லப்படும் பாதுகாப்பு, சர்வே எண்ணாக இறங்கி வரும்வரை தரையைத் தொடாது. அந்த வேலையை முடிக்கப் புலப்படமும் உயர்தரப் படமும் லேசர் உயர அளவும் மூன்றும் சேர வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் நீர் புகுந்தவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சாகப் படாது. நீர் தன் பழைய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததுபோல் வந்தது.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்தும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏரிக்கரையில் குடிசை போட்ட குடும்பத்துக்கும், வாய்க்காலை மூடிப் பெரிய கட்டடம் எழுப்பியவருக்கும் செயற்கைக்கோள் படத்தில் ஒரே நிறம். ட்ரோன் படத்தில் குடிசை ஆக்கிரமிப்பாகத் தெளிவாகத் தெரியும், முறையான பட்டாவோடு பதிவான கட்டடம் அப்படித் தெரியாது. எனவே தரவு முதலில் எளியவரைத்தான் காட்டிக்கொடுக்கிறது. நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் குடியேற்றினார்கள். மழை வந்தால் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நீர் சூழ்ந்துகொள்வதை ஆண்டுதோறும் செய்தியில் பார்க்கிறோம். ஓர் இடத்தை விட்டு ஒருவரை எழுப்ப வரைபடம் பார்த்தோம். எங்கே உட்காரவைப்பது என்பதற்கு அதே அக்கறையோடு வரைபடம் பார்க்கவில்லை. மேட்டு நிலமாக, வேலைக்குப் போய்வரும் தூரத்தில், எந்த நீர்வழியிலும் இல்லாத அரசு நிலம் எது என்று தேடிச் சொல்வது ஒரு ஜி.ஐ.எஸ். மாணவரால் ஓரிரு வாரத்தில் முடியக்கூடிய வேலை. அந்த வேலையை யாரும் உங்களிடம் கேட்காவிட்டாலும் செய்து கொடுங்கள்.

மேய்ச்சல் நிலத்துக்கும் இதே நீதி வேண்டும். மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலம் படத்தில் எப்போதும் காலியாகத்தான் தெரியும், ஏனென்றால் ஆடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சூரிய மின்சாரத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ இடம் தேடுபவரின் வடிகட்டியில் முதலில் வந்து விழுவது அதுதான். மழை முடிந்து அறுவடையான பின் எந்த ஊரில் கிடை போடுவார்கள், எந்தக் கண்மாய் வற்றியதும் எந்த மந்தை வரும், போகும் பாதை எது என்பதெல்லாம் எந்தத் துறையின் கணினியிலும் இல்லை. அதைக் கீதாரிகளோடு நடந்து ஜி.பி.எஸ்.ஸில் பதிந்துகொள்ளலாம். ஒரு கைப்பேசி போதும். பருவம், மாதம், எத்தனை நாள் தங்கல் என்ற குறிப்புகளோடு அது ஓர் அடுக்காக அ-பதிவேட்டின் மேல் உட்கார வேண்டும்.

ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடம் என்றால் கலெக்டர் ஆபீஸில் இருப்பது என்று நாம் பழகிவிட்டோம். இன்று உங்கள் ஊரின் அ-பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம், புலப்படத்தை எடுக்கலாம், இஸ்ரோவின் புவன் தளத்தில் ஊரின் படத்தைக் காணலாம். இவற்றை உங்கள் ஊர்க்காரர்கள் படிக்கும் அளவில் பெரிதாக அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டுங்கள். புறம்போக்கு எண்கள் மட்டும் வண்ணத்தில் இருக்கட்டும், ஒவ்வொன்றின் மேலும் அதன் பழைய பெயரோடு: ஓடை, களம், மந்தை. ஒரு சர்வே எண்ணின் வகையை மாற்றக் கோப்பு எழுந்தால், அது யாருக்கு, எதற்கு, அதனால் எந்த வாய்க்கால் அறுபடும் என்பது அதே சுவரில் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் இரண்டு நாட்கள் என் வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்திருக்கின்றன: மே 1, நவம்பர் 1. மே 1 அன்று கண்மாய் வறண்டிருக்கும், ஓடையின் அடி தெரியும், வாய்க்கால் எங்கே அறுந்திருக்கிறது என்று நடந்து பார்க்கலாம். நவம்பர் 1 அன்று மழை தொடங்கியிருக்கும், நீர் எந்த வழியாக வருகிறது என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு நாளும் இரண்டு படங்கள்: கோடையின் படம் ஒன்று, மழைக்காலத்து ரேடார் படம் ஒன்று. ஊர்க்காரர்கள் சொல்லும் திருத்தங்களைப் பேனாவால் அதன் மேலேயே எழுதி, கையெழுத்து வாங்கி, தேதி போட்டு, தாலுகாவுக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். அடுத்த முறை வகைப்படுத்தும்போது அந்தத் தாள் கணினிக்கு அருகில் இருக்க வேண்டும்.

அந்தச் சிவகங்கைக் கண்மாய்க்கு நான் மறுபடி ஒரு படம் போட்டுவிட்டேன், ரேடாரில், கார்த்திகை மாதத்தில். கண்மாய் கரையோடு கரையாக நிறைந்து தெரிகிறது. புலப்படத்தில் வரத்துக்கால் மட்டும் ஓரிடத்தில் தெளிவாக இல்லை. கீதாரியிடம் கேட்க வேண்டும். இந்த நவம்பர் 1 சபைக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன். ஆட்டை யாரிடமாவது விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.